வால்வுகளுக்கு நடுவே ஒரு பொட்டு

எளாவூர்
2 டிசம்பர் 2024

பூமி,

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் தடுத்துவிட்டாய். என் கூட்டாளி ஜெரால்ட் போனை வாங்கிக் கூப்பிட்டேன், பாவம் அவனையும் தடுத்துவிட்டாய். "தபால்காரர யாராலயும் தடுக்க முடியாது, போய் லெட்டர் எழுதுடா" என்று என் அம்மா கிரேஸ்தான் யோசனை சொன்னாள். பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் இவ்வளவு தமிழ் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தால் எனக்கு நல்லதுதான்.

நீ சென்னை ஆபீசிலிருந்து புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனதை எங்கள் சூப்பர்வைசர் ஆதிகேசவன் சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. "எஞ்சின் தலையில் இருந்த விரிசல் என் கண்ணில் படவில்லை" என்று விசாரணையில் நானே சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். இப்போது கும்மிடிப்பூண்டியில் பழைய அலுமினியம் உருக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன்.

பரத்தின் காரியத்தன்று உங்கள் வாசலில் எல்லார் எதிரிலும் நீ கத்தினது இன்னும் காதிலேயே நிற்கிறது. "எங்க அண்ணன உள்ள அனுப்பிக் கொன்னவன் நீதான்டா" என்றாய். நான் அனுப்பவில்லை பூமி. சோதனை அறையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தது. நான் எஞ்சினை நிறுத்தும் பட்டனை அமுக்குவதற்குள், "இன்னா மச்சான் புகையுது, இரு பாத்துட்டு வரேன்" என்று உன் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி சிலிண்டர் நிறைந்திருக்கிறது. உள்ளே இருந்த இரும்பு ராடு முறிந்து, எஞ்சின் உடம்பையே பிளந்துகொண்டு வெளியே வந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவன் அந்தப் பக்கம். வேறு ஒன்றும் இல்லை.

தையில் நமக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். என் தாத்தா உங்கள் நிலத்தில் ஏர் ஓட்டினவர். அந்த வீட்டுப் பையனுக்கு, அதுவும் கோயிலுக்கு வராமல் சர்ச்சுக்குப் போகிறவனுக்கு, உங்க நைனாவைச் சம்மதிக்க வைத்தவன் பரத். அவனே போன பிறகு கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். தை வருமா, வராதா?

ஜோஷ்வா

*

புனே
13 டிசம்பர் 2024

ஜோஷ்வாவுக்கு,

கேட்டதற்குப் பதில்: வராது.

சிரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படி மனசு வந்தது?

நான் என் வேலையைச் செய்தேன். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினிய வார்ப்பு. சூடேறினால் விரியப் பார்க்கும், சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் இடமில்லாமல் தனக்குள்ளேயே நசுங்கும். ஆறும்போது நசுங்கின இடம் இழுபடும். கொதிக்கவிட்டு, சில்லென்று தண்ணீர் பாய்ச்சி, மறுபடி கொதிக்கவிட்டு ஆயிரக்கணக்கான சுற்று ஓட்டினால் எந்த இடம் முதலில் களைத்து விரியும், எத்தனையாவது சுற்றில் விரியும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டிச் சொல்வதுதான் என் பிழைப்பு. இடத்தைச் சரியாகவே சொன்னேன். புகை வெளியேறும் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் இருக்கும் அந்தக் குறுகின பாலம். விரல் வைத்தே காட்டினேன்.

சுற்றுக் கணக்கு முன்னே பின்னே போகலாம். அதற்காகத்தானே நடுவில் நிறுத்தி, தலையைக் கழற்றி, ஒரு மனிதனைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள்? சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் உள்ள இடத்தில் சிவப்புக் கோடு தானாக எழும். இதைப் பார்க்க படிப்புக்கூட வேண்டாம், கண் இருந்தால் போதும். உடைந்த தலையை அறுத்துப் பார்த்தார்கள். நீ சோதித்த அன்றைக்கே விரிசல் இருந்திருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தும் பார்க்காதவனை என்னவென்று சொல்ல? கண்ணை எங்கே வைத்திருந்தாய்?

அம்மா பாயை விட்டு எழுவதில்லை. வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. போன் பண்ணினால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. அண்ணனை எடுத்துக்கொண்டாய், அம்மாவும் போய்க்கொண்டிருக்கிறாள். இனிமேல் எழுதாதே.

பூமிகா

*

எளாவூர்
20 டிசம்பர் 2024

பூமிகா அவர்களுக்கு,

கண்ணை எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டாய் அல்லவா? சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கோடு தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது, தலைமுடி போல மெல்லிசாக, சிவப்பாக, நீ விரல் வைத்த அதே இடத்தில். நான் அதைத் துடைத்தேன்.

ஏன் துடைத்தேன்? ஆயுத பூஜைக்கு நீ எங்கள் சோதனை அறைக்கு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கழற்றின தலை மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் ஆதிகேசவன் சார் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். பொரி கடலையை வாயில் போட்டுக்கொண்டே நீ, "எங்க உடையும்னு கணக்கு சொல்லுதோ அங்கயே ஒரு பொட்டு வெக்கிறேன், சாமி பாத்துக்கட்டும்" என்று அந்தப் பாலத்தின்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தாய். எல்லாரும் சிரித்தோம். நான்கூடக் கை தட்டினேன்.

லீவு முடிந்து திங்கட்கிழமை வந்து கழுவி, சாயம் அடித்து, பொடி தெளித்தேன். கோடு எழுந்தது. பக்கத்தில் பரத் நின்றிருந்தான். "டேய், அது குங்குமம்டா. லேசுல போகாது, ஊட்டுல சாமி படத்துல வெச்சது வருஷக்கணக்கா அப்படியே கீது" என்றான். உன் கணக்குப்படி அங்கே விரிசல் வர இன்னும் வெகுநாள் இருந்தது. வார்ப்பு சொரசொரப்பில் குங்குமம் இறங்கி சாயத்தோடு கசிகிறது என்று நினைத்தேன். தின்னர் ஊற்றித் துடைத்தேன். மறுபடி அடித்தேன், மங்கலாக வந்தது. இன்னொரு தடவை துடைத்தேன், வரவில்லை. திருப்தியாக மாட்டிவிட்டேன்.

துடைக்கத் துடைக்க விரிசலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடும். அது எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. என் தப்புத்தான், நான் எங்கேயும் ஓடவில்லை. ஆனால் குருடன் என்று மட்டும் சொல்லாதே. அந்தச் சிவப்பு அங்கே வந்தது உன் விரலால்.

ஜோஷ்வா

*

எளாவூர்
21 டிசம்பர் 2024

பூமி, கண்ணு,

நேற்று எழுதின கடிதத்தைப் பிரிக்காதே. பிரிக்காமல் கிழித்துப் போடு. என் மேல் சத்தியம்.

விடிந்ததும் எளாவூர் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன். "பை நேத்தே கும்மிடிப்பூண்டி போய்டுச்சு தம்பி" என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அங்கிருந்தும் போய்விட்டது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மா, "லவ் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கர்த்தர் கிருபையால் இது முந்தி வரட்டும்.

ஜோஷ்வா

*

புனே
4 ஜனவரி 2025

ஜோஷு,

இரண்டாவதுதான் முதலில் வந்தது. நீ சொன்னபடி முதலாவதைப் பிரிக்காமல் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். பிரிக்காதே என்றால் பிரிக்காமல் இருக்கிறவளா நான்? உனக்குத் தெரியாதா? புது வருஷத்தன்று பிரித்தேன்.

அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று எழுத முடியாது. கூட இருக்கும் ஷைனி என் வலது கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தேனாம்.

ஒன்றை நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். தெரிந்துதான் விட்டிருக்கிறாய். அந்தக் குங்குமம் சோதனை அறையில் இருந்தது அல்ல. அம்மா ஆரம்பாக்கத்து அம்மன் கோயிலில் அர்ச்சனை பண்ணி, பொட்டலம் கட்டி அண்ணனிடம் கொடுத்தது. "இஞ்சினுக்கு வெச்சு உடுங்கடா, புள்ளைங்க அது கிட்டவேதான கீறீங்க, காப்பாத்தும்" என்று சொல்லி அனுப்பினது. விசாரணையில் குங்குமம் என்ற வார்த்தையையே நீ எடுக்காததற்குக் காரணம் இதுதானே? ஊரெல்லாம் பரவி அம்மா காதுக்குப் போகும் என்றுதானே "கண்ணில் படவில்லை" என்று கையெழுத்துப் போட்டாய்?

நீ என்னைத் திட்டினதைவிட இது வலிக்கிறது. உன்னைக் கொலைகாரன் என்று ஊர் முன்னால் சொன்னேன். நீ வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். என் கணக்கே தப்பு. அலுமினியம் சூட்டிலேயே கிடந்தால் நாளுக்கு நாள் பலம் குறைந்துகொண்டே போகும். வார்த்த அன்றைக்கு இருந்த பலத்தையே நான் கடைசிச் சுற்று வரைக்கும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். பலம் குறைவதைச் சேர்த்து இப்போது மறுபடி ஓட்டினேன். நீ கோட்டைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே விரிசல் வந்திருக்கும் என்கிறது. அவ்வளவு கச்சிதமாக வருகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எனக்கு எதற்கு இந்தக் கணக்கு?

பொங்கலுக்கு வருகிறேன். துக்கம் நடந்த வீட்டில் பொங்கல் கிடையாது, அம்மாவைப் பார்க்கத்தான் வருகிறேன். அம்மாவிடமும் நைனாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உன்மேல் விழுந்த பழியை நானே என் கையால் எடுப்பேன். அதன் பிறகும் நீ என்னை ஏற்றுக்கொண்டால், தை வரும்.

பூமி

*

எளாவூர்
8 ஜனவரி 2025

பூமி,

கடைசி வரியைப் பல தடவை படித்தேன். பட்டறையில் தணிகைவேல் அண்ணன், "இன்னாடா, லாட்டரி வுழுந்துதா?" என்று கேட்கிற அளவுக்கு முகம் மாறிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரி இருந்தது. அது போதும்.

நீ சொல்லக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சர்ச் முடிந்ததும் மனசு கேட்காமல் உங்கள் தெருவுக்குப் போனேன். வாசல் வரைக்கும் போகும் தைரியமில்லை, மின்கம்பத்துக் கிட்ட நின்றேன். உங்கம்மா எப்படிப் பார்த்தார்களோ, பாயில் கிடந்தவர்கள் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். "பாவி! என் புள்ளைய வாயில போட்டுகினு எந்த மூஞ்ச வெச்சுகினுடா இங்க வந்து நிக்கிற? கண்ணு அவிஞ்சு போனவனே!" என்று ஆரம்பித்தவர்கள் ஓயவே இல்லை. மண்ணை வாரித் தூற்றினார்கள். தெருவே கூடிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் உங்க நைனா பட்டறை வாசலில் வந்து நின்றார். பரசுராமன் என்றால் எங்கள் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார் என்று சொல்வார்கள். அந்த மனிதர் என் எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நேத்து உன்ன திட்டுனாளே, அப்பால கொல்லைக்குப் போயி குளிச்சா. 'சோறு கீதா'ன்னு கேட்டா. ரெண்டு வாய் துன்னா தம்பி. அவன் போனதுலேர்ந்து இதான் மொத வாட்டி" என்றார். "ஒனக்கு பேஜாருதான். கேக்க வாயில்ல. ஆனா வாரத்துக்கு ஒரு வாட்டி தெருவோட போய்க்கினு இரேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அதிலிருந்து ஞாயிறு தோறும் போகிறேன். திட்டுகிறார்கள். சாப்பிடுகிறார்கள்.

இப்போது நீ வந்து, "அம்மா, அது உன் குங்குமம்" என்று சொன்னால் என்ன ஆகும்? என்னைத் திட்டுகிற வாய் யாரைத் திட்டும்? தன்னைத்தான் திட்டிக்கொள்ளும். அதைத் தாங்க அந்த உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை பூமி. நான் தாங்குவேன். எனக்கு முதுகு கெட்டி.

வா, அம்மாவைப் பார். சொல்லாதே.

ஜோஷ்வா

*

புனே
23 ஜனவரி 2025

ஜோஷு,

வந்தேன். திரும்பியும் வந்துவிட்டேன். உன்னைப் பார்க்காமல் வந்ததற்குத் திட்டு.

உன் பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் ரயிலேறினேன். நீ பெரிய தியாகி, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கோபம்கூட வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிவிடுவது என்று அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா காலையிலேயே எழுந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். இவளா பாயில் கிடந்தவள் என்று இருந்தது. "அம்மா" என்றேன். "இரு, அந்தப் பாவி வர்ற நேரம்" என்று வாசலைப் பார்த்தாள்.

உள்ளே ஜன்னல் ஓரம் நான் நின்றிருந்தேன். நீ வந்தாய். சர்ச்சுக்குப் போட்ட அந்த வெள்ளைச் சட்டை, நான் எடுத்துக் கொடுத்தது. பைக்கைத் தள்ளிக்கொண்டு மெதுவாக, அவள் முழுசாகத் திட்டி முடிக்கிற வேகத்தில் நடந்து போனாய். ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் அங்கே நிற்பது உனக்குத் தெரியும், இல்லையா?

அம்மா உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது, மூச்சு வாங்கியது. "கொழம்ப ஊத்துடி" என்று தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். இரண்டாம் தடவை சோறு கேட்டாள். நைனா என்னைப் பார்த்தார், நான் நைனாவைப் பார்த்தேன். அதற்கப்புறம் எதைச் சொல்வேன்?

உண்மையைச் சொல்லி உன்னை மருமகனாக அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனால் அவளுக்குத் திட்ட ஆள் இருக்காது. உண்மையைச் சொல்லாமல் உன்னைக் கட்டிக்கொண்டால் மகனைக் கொன்றவனுக்கு மகளும் போனாள் என்று அன்றைக்கே விழுந்துவிடுவாள். எந்தப் பக்கம் போட்டாலும் இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். அதே கோயில் குங்குமம். "மிஷின்கிட்ட வேல செய்யிறியே, நெத்தியில வெச்சுகினு போ" என்றாள். அவள் எதிரிலேயே வைத்துக்கொண்டேன்.

ஜோஷு, நான் உன்னை மட்டும்தான் நினைத்தேன், இனியும் உன்னை மட்டும்தான். ஆனால் தை வராது.

பூமி

*

எளாவூர்
29 ஜூலை 2025

பூமி,

நீ எழுதுவாய் என்று இவ்வளவு நாள் பார்த்தேன். நானும் எழுதவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம், அதனால் சும்மா இருந்தேன்.

உங்கம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இது. உடம்பு தேறிவிட்டது. நாற்று நடும்போது வரப்பில் நின்று ஆட்களை விரட்டினார்களாம். குரல் நன்றாக ஏறிவிட்டது, தெருமுனையிலேயே கேட்கிறது. இந்த மாதம் "அலுமினியத்த உருக்குற கொள்ளிவாயில நீயும் உருகிப் போ" என்று புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது. என் வேலையைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார்கள் பார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காய்ச்சலில் படுத்துவிட்டேன், போகவில்லை. திங்கட்கிழமை உங்க நைனா வந்துவிட்டார். "நேத்து பூரா வாசலயே பாத்துகினு குந்திகினு இருந்தா. துன்னல" என்றார். காய்ச்சலோடு அன்று சாயங்காலமே போய்விட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பூமி. சத்தியமாக வந்தது. அப்புறம்தான் திட்டினார்கள்.

என் அம்மா பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டிக்கொண்டு வருகிறவளிடம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே போகிறேன் என்று என்ன சொல்வேன்?

உனக்கு அங்கே யாராவது அமைந்தால் தள்ளாதே. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய், கோபித்துக்கொள்வேன். இருந்தாலும் தள்ளாதே.

ஜோஷ்வா

*

புனே
4 அக்டோபர் 2025

ஜோஷு,

யாரும் அமையவில்லை. அமைய வேண்டாம்.

இங்கேயும் ஆயுத பூஜை வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் சாமந்திப்பூ மாலை. "உங்க கையால வைங்க" என்று குங்குமத் தட்டை என்னிடம் நீட்டினார்கள். என் கணக்கு முறையைத்தான் இப்போது எல்லா வார்ப்புக்கும் வைத்திருக்கிறார்கள், அதனால் மரியாதை. பலம் குறைவதைச் சேர்த்துப் போடுகிற கணக்கு. நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். தட்டை ஷைனியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த மாதம் அண்ணனுக்கு வருஷம் திரும்புகிறது. திதிக்கு நான் வருகிறேன். தெருவில் உன்னைப் பார்த்தால் நானும் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லையென்றால் அவளுக்குச் சந்தேகம் வரும். மன்னித்துக்கொள். நான் எதைச் சொன்னாலும், உனக்குத் தெரியும்.

நேற்று போனில் அம்மாவோடு பேசினேன். அங்கே மழை பிடித்துக்கொண்டதாம், தெருவெல்லாம் முழங்கால் தண்ணீராம். "ஞாயித்துக்கெயம மழ உட்டுருமாடி?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "சும்மாதான்" என்றாள்.

எந்த ஞாயிறு மழை விடாவிட்டாலும் குடை எடுத்துக்கொண்டாவது போய்விடு. சோறு வடித்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

பூமி